கண்டவர் பெயர்

எங்கள் லைனுக்கு வந்த முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது என் இனிஷியலைத்தான்.

"கோமளா மூணு" என்றேன். ஆந்திர எல்லையோர ஸ்ரீ சிட்டியில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் கோமளா என்ற பெயரில் கான்ட்ராக்டில் மூன்று பேர் இருந்தோம். வருகைப் பதிவில் ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு வருடம் சொல்லிச் சொல்லி எனக்கு அதுவே பழகிப்போயிருந்தது.

"மூணுன்றது உங்க நைனா பேரா?"

"நைனா பேரு முனிரத்தினம்."

"அப்போ எம். கோமளா. எந்த ஊரு?"

"நகரிக்கு அந்தாண்ட. கம்பெனி பஸ்ல வந்துகினு கீறேன்."

எல்லாவற்றையும் நின்றபடியே எழுதிக்கொண்டார். அடுத்து நின்ற ஜமுனாவிடம் போய் அதையே கேட்டார். அன்று ஷிப்டு முடிவதற்குள் பிரஸ் லைனிலும் பேக்கிங்கிலும் இருந்த பெண்கள் அத்தனை பேரின் முழுப்பெயரும் அவரிடம் இருந்தது. மறுநாள் காலை வரிசையாக வந்து ஒருவர் விடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு பெயரும் மாறவில்லை.

அவர்தான் எங்கள் சேஃப்டி ஆபீசர். அந்த வேலைக்கு அங்கே வந்த முதல் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். சித்தூர் டவுனில் வளர்ந்தவர். வீட்டில் தமிழ், படிப்பெல்லாம் தெலுங்கு. ஆண்கள் 'சேஃப்டி மேடம்' என்றார்கள், நாங்கள் அக்கா என்றோம். கோபம் வந்தால் தெலுங்கில் பேசுவார். கோபம் அதிகமானால் பேசவே மாட்டார்.

அவர் வருவதற்கு முன்பும் ஆபத்துக் குறிப்பு எழுத ஒரு படிவம் இருந்தது. எங்கேயாவது எண்ணெய் கொட்டியிருந்தால், ஒயர் தொங்கினால், அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். நாங்கள் பார்த்துச் சொல்வோம், சூப்பர்வைசர் தன் பெயரில் எழுதிக் கொடுப்பார். அக்கா வந்து அந்தப் படிவத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் புதிதாக அடித்து எடுத்துவந்தார். அடியில் கட்டம் போட்டு 'கண்டவர் பெயர்' என்று இருந்தது.

"எவரு சூசாரோ வாள்ள பேரே ராயாலி" என்பார். உடனே எங்கள் பக்கம் திரும்பி, "யாரு பாத்தாங்களோ அவங்க பேருதான் எழுதணும். பேரு இல்லாம பத்து வருஷம் வேலை செஞ்சாலும் நீ செஞ்சதுக்கு சாட்சி கிடையாது" என்பார்.

முதலில் வந்தது என் பெயர்தான். பேக்கிங் பக்கத்து அவசர வழிக் கதவுக்குப் பின்னால் பெயின்ட் தின்னர் டிரம்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கதவு பாதிதான் திறந்தது. நான் சொன்னேன், அவர் எழுதினார், டிரம்கள் நகர்ந்தன. கேன்டீன் போர்டில் அந்தத் தாளை ஒட்டினார். எம். கோமளா, பிரஸ் லைன். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அவர் நகரியில் தறி ஓட்டுகிறார். 'நீயா இது?' என்று பதில் வந்தது.

பெயர் எழுதுவதில் அவருக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று ஒருமுறை தெரிந்தது. புத்தூரில், திருப்பதி போகிற வண்டிகளின் நெரிசலில் கம்பெனி பஸ் மாட்டிக்கொண்டது. பக்கத்து சீட்டில் அவர். பயிற்சியில் இருந்தபோது வேறொரு கம்பெனியில் கிரேன் கொக்கியில் விரிசல் இருந்ததை அவர்தான் முதலில் பார்த்தாராம். எழுதிக் கொடுத்த தாளை மேலதிகாரி வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தன் பெயரில் வேறு தாள் எழுதினார். அதற்காக அந்த மேலதிகாரிக்கு ஹைதராபாத்தில் பெரிய வேலை கிடைத்தது.

"அந்தக் கொக்கி அறுந்து விழல. நாலு பேரு தலை தப்பிச்சுது. அது நான் பாத்ததுன்னு எங்க அம்மாவுக்குக்கூட தெரியாது" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஷூ விஷயத்தைச் சொன்னால்தான் அவரைப் பற்றிச் சரியாகத் தெரியும். எங்களுக்குக் கொடுத்த பாதுகாப்பு ஷூ ஆண்களின் அளவு. எட்டாம் நம்பருக்குக் கீழே வராது என்று ஸ்டோர்ஸில் சொல்லிவிட்டார்கள். முனையில் பழந்துணியை அடைத்துப் போட்டுக்கொண்டோம். அவரும் அப்படித்தான் போட்டிருந்தார். ஒருநாள் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் போட்டு, எங்களை ஒவ்வொருவராக வெறுங்காலோடு நிற்கவைத்துப் பேனாவால் காலைச் சுற்றிக் கோடு போட்டார். ஒவ்வொரு பாதத்துக்குள்ளும் பெயர், இனிஷியலோடு. அந்த அட்டைகளை எல்லாம் கட்டித் தூக்கிக்கொண்டு போய் பிளான்ட் ஹெட் மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். ஐந்து மாதம் கழித்துச் சின்ன ஷூ வந்தது. பாதிப் பேருக்குத்தான் வந்தது. தனக்கு வந்ததை அவர் லாவண்யாவுக்குக் கொடுத்துவிட்டார். லாவண்யா சத்தியவேடு பக்கத்துத் தெலுங்குப் பெண், எங்கள் லைனிலேயே சின்னவள், சின்னக் கால்.

அவரிடம் எனக்குப் பிடிக்காததும் ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம் என்று சொல்ல அவர் யாரையும் விடவில்லை.

ஜமுனா முன்பு நகரியில் விசைத்தறியில் இருந்தவள். காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாகப் பேசுவாள். ஆயில் பைப் ஒன்று கசிவதை அவள்தான் பார்த்தாள்.

"அக்கா, பேரு வாணாம். நான் வாயால சொன்னேன், நீங்களே எழுதிக்கோங்கோ" என்றாள்.

"ஏன், பயமா?"

"பயம்தான்னு வெச்சுக்கோங்கோ. புருசன் இல்லாதவ நான். இந்த வேலைய வெச்சி ரெண்டு பசங்க துன்னுதுங்க. பேப்பர்ல பேரு வந்தா எவன் கண்ணுல படும்னு யாருக்குக்கா தெரியும்?"

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கட்டத்தில் பெரிதாக ஆர். ஜமுனா என்று எழுதினார்.

"இப்படி பயந்து பயந்துதான் நாம எல்லாரும் நின்ன எடத்துலயே நிக்கிறோம், ஜமுனா. நாளைக்கு சேஃப்டில ஒரு வேலை வந்தா உனக்கு எதைக் காட்டி கேப்பேன்?"

அன்று ஜமுனா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவள் புரியாமல் முரண்டு பிடிக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

சேஃப்டியில் ஒரு வேலை என்று அவர் சும்மா சொல்லவில்லை. சூப்பர்வைசர் ஆவதற்கு ஒரு சான்றிதழ் படிப்பு இருந்தது, ஞாயிறு வகுப்பு. பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த ஆறு பேருக்கு அவரே விண்ணப்பம் பூர்த்தி செய்தார். நானும் ஜமுனாவும் அதில் இருந்தோம். கம்பெனி ஒரு சிபாரிசுக் கடிதம் தர வேண்டும், அவ்வளவுதான். கான்ட்ராக்ட் ஆட்களுக்குத் தர ரூல் இல்லை என்றார் ஹெச்.ஆர். சார். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அக்கா ஆறு விண்ணப்பத்தோடு அந்த அறைக்குப் போவார். ஆறோடும் திரும்பி வருவார். "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பார். ஒன்றரை வருடம் இப்படியே போனது. போட்டோ பழசாகிவிட்டது என்று எங்களைப் புதிதாக எடுத்துவரச் சொன்னார். ஜமுனா எடுக்கவில்லை. அவர் அவளைத் தன் ஸ்கூட்டியில் உட்காரவைத்து ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் எடுத்துவந்தார்.

அந்த வருடம்தான் ஒயர் விவகாரம்.

வண்டிக் கதவுக்கான தகடுகளை எங்கள் பிரஸ் மெஷின்கள் அடிக்கும். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அது அடிக்கடி நிறுத்தும், எண்ணிக்கை குறையும். நான்காம் நம்பர் மெஷினுக்குப் பின்னால் துடைக்கப் போனபோது பார்த்தேன். சென்சாரைத் தாண்டி ஒரு சிவப்பு ஒயர் போட்டு முறுக்கியிருந்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது. கையை நீட்டிப் பார்த்தேன், விளக்கு மாறவில்லை.

அவரிடம் சொன்னேன். வந்தார், குனிந்து பார்த்தார், பேசவே இல்லை. மெஷினை நிறுத்திப் பூட்டுப் போட்டார். படிவத்தில் என் பெயரை எழுதினார். அடுத்த வாரம் இன்னும் இரண்டு மெஷினில் ஒயர் அகப்பட்டது. அதில் ஒன்றைப் பார்த்தவள் ஜமுனா. அவளாகச் சொல்லவில்லை, அவர் கேட்டபோது தலையை ஆட்டினாள். அவள் பெயரும் ஏறியது. ஒரு மாதத்துக்குள் அந்தக் கோப்பில் ஏழு பெண்களின் பெயர் இருந்தது.

சென்சார்களைச் சரி செய்ததாகத் தாளில் எழுதி மெஷின்களைத் திறந்தார்கள். சில வாரங்களுக்கு உண்மையாகவே சரியாக இருந்தது. பிறகு அவர் இரண்டு நாள் பயிற்சிக்கு விசாகப்பட்டினம் போனார். அந்த இரண்டாம் நாள் காலை, நான்காம் நம்பர் மெஷினில் லாவண்யாவின் வலது கை சிக்கியது. இரண்டு விரல்கள் முழுசாகப் போயின, மூன்றாவது பாதி. அவள் கத்தவில்லை. "அக்கா, ஆகலேது, அக்கா" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நிற்கவில்லை அக்கா. மெஷினைத்தான் சொன்னாள்.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது. அந்தப் பெண்ணின் கவனக்குறைவு என்று கம்பெனி எழுத வேண்டுமானால், ஒயர் விஷயம் முன்பே தெரியும் என்கிற கோப்பு இருக்கக் கூடாது. கோப்பு இருந்தது. யாரைக் கேட்க வேண்டும் என்று அதிலேயே எழுதியும் இருந்தது. முழுப்பெயர், இனிஷியல், ஊர்.

மூன்றாம் நாள் காலை நகரியில் கம்பெனி பஸ் நின்றது. நான் முதலில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பின்னால் வந்த ஜமுனாவை டிரைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உன் பேரு லிஸ்ட்ல இல்லம்மா."

"இன்னாது?"

"லிஸ்ட்ல இல்ல. ஏறாத."

அவளுக்குக் கேட்கவில்லை. டிபன் பையை மார்போடு பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். "ஏண்டி கோமளா, இன்னாடி சொல்றான் இவன்?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது என்றுதான் இத்தனை நாளும் மற்றவர்களிடம் சொல்லிவந்திருக்கிறேன். பஸ் கொஞ்ச நேரம் நின்றது.

விசாகப்பட்டினத்திலிருந்து திரும்பியதும் அவருக்கு ஜமுனா விஷயம் தெரிந்தது. மதியம் நான் அவர் அறைக்குப் போனபோது கோப்பு மேசைமேல் விரிந்து கிடந்தது. ஸ்கேல் வைத்து ஒவ்வொரு பெயராகக் கோடு போட்டு அடித்து, மேலே தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இன்னா பண்றீங்கோ?"

"தப்பு பண்றேன்" என்றார். தலை தூக்கவில்லை. "எல்லாத்தையும் நானே பாத்தேன். உங்க யாருக்கும் எதுவும் தெரியாது. கேட்டா அப்படியே சொல்லு."

"ஜமுனா?"

"அவ அன்னிக்கே சொன்னா" என்றார். பிறகு அடுத்த தாளைத் திருப்பினார்.

அவருக்குத் தெரியாதது ஒன்றுதான். லாவண்யாவை ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்றே ஹெச்.ஆர். ஆபீசில் அந்தக் கோப்பு முழுக்கப் பிரதி எடுத்துவிட்டார்கள். இப்போது அசலும் பிரதியும் வேறு வேறாக இருந்தன. பதிவேட்டைத் திருத்திய அதிகாரி என்று அவரை வெளியே அனுப்ப அது போதும்.

என்னைக் கூப்பிட்டது மறுநாள். ஏசி அறை. ஹெச்.ஆர். சார் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க மேடம் கண்டவங்க பேரை எல்லாம் எழுதி வெச்சிருக்காங்க, கோமளா. நீ நல்ல பொண்ணு. உனக்கு இதுல இன்னா சம்பந்தம்?"

தாள் முன்பே அடித்து வைத்திருந்தது. நான் எந்த ஒயரையும் பார்க்கவில்லை. மேடம் எழுதி வற்புறுத்தியதால் ஒப்புக்கொண்டேன். எனக்குப் படிக்கத் தெரியும். முழுசாக, இரண்டு முறை படித்தேன். பக்கத்தில் இன்னொரு தாள் இருந்தது. நிரந்தர வேலை, சேஃப்டி உதவியாளர். அதன் கீழே, ஒன்றரை வருடமாகத் தர ரூல் இல்லாத சிபாரிசுக் கடிதம், என் பெயருக்கு.

என் வீட்டுக்காரருக்குத் தறியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை இருந்தது. மகள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் இவற்றை எல்லாம் நினைத்தேன் என்று சொல்ல முடியாது. அந்த இரண்டாவது தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டேன்.

மற்ற ஐந்து பேரில் மூன்று பேர் என்னைப் போலவே போட்டார்கள். போடாத இருவரை பஸ் ஏற்றவில்லை. லாவண்யாவின் கவனக்குறைவு என்று அறிக்கை முடிந்தது. அக்காவையும் வெளியே அனுப்பினார்கள்.

மகளிர் தினத்துக்கு கேட்டில் பெரிய பேனர் வைத்தார்கள். பாதுகாப்புத் துறையில் எங்கள் பெண்கள் என்று போட்டு, நடுவில் பச்சை ஹெல்மெட்டோடு நான். வேறு யார் படமும் இல்லை, வேறு யாரும் இல்லாததால்.

இரண்டு வருடம் கழித்து, நைனாவுக்கு இதயத்தைக் காட்டத் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். மறுநாளும் வரச் சொன்னார்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை கேட்டு நுழைந்தோம். மொட்டை போட்ட குடும்பம் ஒன்று சாவி வாங்கிக்கொண்டு நகர்ந்தது. கவுன்டருக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"கோமளா! கோர்ஸ் முடிச்சியா?"

"பாஸ் பண்ணிட்டேன்க்கா."

கவுன்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சூடண்டி, மா கம்பெனி அம்மாயி. இப்புடு சேஃப்டி சூஸ்துந்தி" என்று லாட்ஜ்காரரிடம் பெருமையாகச் சொன்னார். எங்கள் கம்பெனிப் பெண், இப்போது சேஃப்டி பார்க்கிறாள். அதில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

நைனாவை அறையில் படுக்கவைத்துவிட்டுக் கீழே வந்து, "நான் ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டேன்க்கா" என்றேன்.

"தெரியும். என்கிட்ட காமிச்சாங்க."

"அக்கா..."

"கோவம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் இருந்துச்சு. அப்பால ஜமுனாவ நெனச்சேன். நீ எனக்கு செஞ்சதவிட நான் அவளுக்கு செஞ்சது பெருசு." டீ வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். "எப்படி இருக்கா?"

"தறிக்கே போயிட்டா. என்கிட்ட பேசறதில்ல."

"லாவண்யா?"

"வீட்லதான் கீறா."

அவர் தலையாட்டினார். டீ வந்தது. குடித்து முடித்த பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"கோமளா, எனக்கு ஒரு லெட்டர் வாங்கித் தர முடியுமா? அங்க மூணு வருஷம் வேலை செஞ்சேன்னு, அவ்வளோதான். நாயுடுப்பேட்டையில ஒரு எடத்துல சேஃப்டிக்கு ஆள் கேக்கறாங்க. அந்த லெட்டர் இல்லாம யாரும் உள்ளயே விடமாட்டேன்றாங்க."

"கேக்கறேன்க்கா" என்றேன். நம்பர் வாங்கிக்கொண்டேன்.

கேட்கவும் செய்தேன். ஒரு வாரம் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு ஹெச்.ஆர். சார் அறைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. பீரோவைத் திறந்து அந்தக் கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே நான் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது.

"இது பொய்னு ஒரு லைன் எழுதிக் குடு. அவங்களுக்கு லெட்டர் குடுக்கறதுல எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. எழுதிட்டு நீ எங்க உக்காரப் போற, அதையும் யோசிச்சுக்கோ."

பேனாவைக்கூட என் பக்கம் தள்ளி வைத்தார். "சரி சார், அப்பால வரேன்" என்று வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அக்கா போன் செய்தார். நான் லைனில் இருந்தேன், எடுக்கவில்லை. மாலை பஸ்ஸில் வரும்போது மறுபடி அடித்தது. கையில்தான் வைத்திருந்தேன், அடித்து முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை ஒருமுறை. அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.